முதுகில் நடந்த வலி

1. நட்சத்திரக் குறி

ஏகாம்பரம் எங்கள் டிஸ்பென்சரிக்கு முதல் தடவை வந்த அன்று நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இடம் தேடுகிற மாதிரி இருக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திருத்தணியில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற ரோட்டில் ஓடு போட்ட இரண்டு அறைக் கட்டடம். முன்னறையில் டாக்டர், பின்னறையில் நானும் என் பாட்டில்களும். நடுச்சுவரில் ஒரு ஜன்னல். டாக்டர் எழுதிய சீட்டையும், வீட்டிலிருந்து கழுவிக் கொண்டுவந்த காலி பாட்டிலையும் நோயாளிகள் அந்த ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். நான் மிக்ஸ்சர் கலந்து ஊற்றி, வேளைக்கு ஒரு வெட்டு வெட்டிய காகிதப் பட்டையைப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டி, கார்க் வைத்துக் கொடுப்பேன். இப்போது மாத்திரை அட்டையைக் கிழித்துக் கொடுக்கிற தம்பிகளுக்கு இது சமையல் வேலை மாதிரித் தோன்றும். சமையல்தான். வீட்டுச் சமையலில் உப்பு கூடினால் சாப்பிடுகிறவர் திட்டுவார். எங்கள் சமையலில் கூடினால் திட்ட ஆள் இருக்காது.

எங்கள் டாக்டர் கெட்டிக்காரர். நாடியைப் பிடித்தபடியே மலேரியாவையும் டைபாய்டையும் பிரித்துவிடுவார். ஆனால் காய்ச்சல் இல்லாமல், வீக்கம் இல்லாமல், காயம் இல்லாமல் வலி வலி என்று வருகிறவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. அவர்கள் சீட்டின் மூலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார். அதன் அர்த்தம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். மருந்து வேண்டாம், கலர் தண்ணீர் போதும் என்று அர்த்தம். டிங்சர் கார்டமம் என்கிற ஏலக்காய்ச் சாரம் சில சொட்டு விட்டால் சிவப்பு வந்துவிடும். குளோரோஃபார்ம் வாட்டர் கொஞ்சம் விட்டால் நாக்கில் சுர்ரென்று இருக்கும். சுர்ரென்றால்தான் மருந்து என்று ஜனங்கள் நம்புவார்கள். அதைக் குடித்துத் தேறிப் போனவர்கள் நிறையப் பேர். சிலர் என் கைராசி என்று வாழைப்பழச் சீப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஏகாம்பரம் பொதட்டூர்பேட்டைக்காரர். கைலி நெய்கிறவர், முப்பது வயதுக்குள் இருப்பார். புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கரி வாயுவில் ஓடுகிற அந்தக் காலத்து பஸ்ஸில் மனைவியோடு வந்து இறங்கினார். வலப்பக்கம் இடுப்புக்கு மேலே வலி, ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார். டாக்டர் தட்டிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். சிறுநீரைச் சூடு காட்டிச் சோதிக்கச் சொன்னார். ஒன்றும் இல்லை.

"ஒரே எடத்துல நிக்கலீங்க. போன வாரம் கீழ இருந்துச்சு, இப்ப மேல வந்துகினு இருக்குது. உள்ள யாரோ நடக்கறாப்பல இருக்குதுங்க" என்றார் ஏகாம்பரம்.

நடக்கிற வலி பொய் வலி, நிஜ வலி இருந்த இடத்தில்தான் இருக்கும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லி, சீட்டில் நட்சத்திரம் போட்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். சத்தம் வராமல்தான் சிரித்தேன். ஆனால் வாசலோரம் நின்றிருந்த அவர் மனைவி தேசம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2. அயோடின் வரிசை

கலர் தண்ணீரோடு இன்னொன்றும் டாக்டர் எழுதியிருந்தார். வலிக்கிற இடத்தில் வாரம் ஒரு தடவை டிங்சர் அயோடின் தடவ வேண்டும். மேல்தோல் எரிந்தால் உள்வலி மறக்கும் என்பது அந்தக் கால வைத்தியம். தடவுகிற வேலை என்னுடையது. ஏகாம்பரம் சட்டையைக் கழற்றி ஸ்டூலில் திரும்பி உட்காருவார். இங்கே என்று விரலை வைப்பார். அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பஞ்சால் தடவுவேன்.

அயோடின் போட்ட தோல் முதலில் பழுப்பாகும், பிறகு கறுத்து உரியும், உரிந்த இடத்தில் வெளுத்த புதுத்தோல் வரும். அது சாதாரணத் தோலோடு சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கையில் வேலை பழகின எந்தக் கம்பவுண்டரும் ஒரு தழும்பைப் பார்த்து இது எத்தனையாவது வாரத்து அயோடின் என்று சொல்லிவிடுவான்.

நாலாவது வாரம் பஞ்சை நனைத்துக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தேன். அடியில் வெளுத்த வட்டம். அதற்கு மேல் உரிகிற வட்டம். அதற்கு மேல் பழுப்பு வட்டம். அதற்கும் மேலே, கொஞ்சம் முதுகெலும்புப் பக்கமாகச் சாய்ந்து, ஏகாம்பரத்தின் விரல். நான்கும் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரற்கடை.

பொய் வலிக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கு இடுப்பு என்பார்கள், நாளைக்குக் கழுத்து என்பார்கள், போன வாரம் எங்கே என்று கேட்டால் மறந்திருப்பார்கள். தன் கண்ணுக்குத் தெரியாத முதுகில், வாரம் தவறாமல், அளவு தவறாமல் ஒருவன் எப்படிக் கோடு போடுவான்? நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அயோடின் சொட்டி என் வேட்டியில் விழுந்தது. தேசம்மா வாசலோரத்திலிருந்து அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

3. ஊதாப் புள்ளி

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். அயோடின் தடவி முடித்த பிறகு, சீட்டெழுதும் காப்பியிங் பென்சிலை நாக்கில் நனைத்து, அந்த வரிசை போகிற போக்கில் இன்னும் ஒரு விரற்கடை தள்ளி, ஊதாவாக ஒரு சிறு புள்ளி வைத்தேன். அந்தப் பென்சில் கறை ஒரு வாரம் குளித்தாலும் லேசில் போகாது. ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை. அயோடின் ஈரம் என்று நினைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. விளையாட்டில் நான்தான் ஜெயிப்பேன், புள்ளி ஒரு பக்கம் கிடக்கும், வலி வேறு பக்கம் போயிருக்கும், நட்சத்திரக் குறி சரிதான் என்று மனசு சமாதானமாகிவிடும் என்று எதிர்பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் திரும்பி உட்கார்ந்தார். புள்ளி மங்கி, ஆனால் இருந்தது. எங்கே வலி என்று கேட்டேன். அவர் வலது கையைப் பின்னால் மடக்கினார். விரல் தோலின் மேல் தடவித் தடவி ஏறியது, நின்றது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. பிறகு சரியாக அந்த ஊதாப் புள்ளியின் மேல் வந்து உட்கார்ந்தது.

"இங்கதாங்க."

அவர் விரலை எடுத்த பிறகு நான் என் விரலை வைத்தேன். சதைக்கு அடியில் ஏதோ ஒன்று, அரிசி முனை அளவுக்கு, என் விரலை முட்டியது. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். அது உள்வாங்கிக்கொண்டது. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தார். காலை பத்து மணி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது, வெளியே பஸ்காரன் ஆட்களைக் கூவிக்கொண்டிருந்தான், எனக்கு முதுகெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது.

அடுத்து நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னறைக்கு எட்டு அடி. நான் செய்தது வேறு. பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றி அந்தப் புள்ளியைத் தேய்த்து அழித்தேன். டாக்டர் பார்த்துவிட்டால் இது யார் வைத்த புள்ளி என்று கேட்பார். கம்பவுண்டருக்கு நோயைப் பற்றி அபிப்பிராயம் இருக்கக்கூடாது. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர், இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்காது என்று ஒரு நோயாளியிடம் சொன்னதற்காக அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். யுத்த காலத்தில் வேறு வேலைக்கு நான் எங்கே போவேன்?

ஆகவே வாயை மூடிக்கொண்டு அயோடின் தடவினேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாதங்கள் போயின. வாரத்துக்கு ஒரு விரற்கடை என்பது மாறி, சில வாரம் பாதி, சில வாரம் ஒன்றுமே இல்லை. யுத்த காலத்து நூல் கன்ட்ரோலில் பாவு போட நூல் கிடைக்காமல் ஏகாம்பரத்தின் தறி மூன்று வாரம் நின்றது. அந்த மூன்று வாரமும் அது நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நூல் வந்து தறி ஓடியதும் மறுபடி கிளம்பியது. நான் அதையும் கவனித்தேன். கவனித்து என்ன, மறுபடியும் கலர் தண்ணீர்தான் கலந்தேன். மனசாட்சிக்காக கார்டமம் இரண்டு சொட்டு கூட விட்டேன்.

இதற்குள் ஏகாம்பரத்தின் அக்கா, வீட்டில் தான் வைத்ததே சட்டம் என்று இருக்கிறவள், நகரிப் பக்கத்திலிருந்து ஒரு மந்திரக்காரரைக் கூட்டிவந்திருக்கிறாள். அவர் ஏகாம்பரத்தின் முதுகைத் தொடக்கூட இல்லையாம். எதிரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவனுக்குள் மலைக்குச் சொந்தமான ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, இந்த வீட்டில் ஒரு பெண்ணின் தப்பால் உள்ளே போனது என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எழுந்து போனாராம். இதை ஏகாம்பரம் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4. ஜன்னலில் ஒரு கேள்வி

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. டாக்டர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். நான் கார்க்குகளை வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலில் தேசம்மா தனியாக நின்றாள். கையில் பாட்டில் இல்லை.

கொஞ்ச நாளாக ஏகாம்பரத்துக்கு மூச்சு இழுத்தால் பிடித்துக்கொள்கிறது, தறியில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்றாள். அக்கா முடிவு செய்துவிட்டாளாம். பங்குனி உத்திரம் கழிந்ததும் தேசம்மா திருவாலங்காட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். திரும்பி வரக் கூடாது. அவள் போனால்தான் தம்பி பிழைப்பான். குழந்தை இல்லாததால் தடுக்கவும் யாரும் இல்லை. இதையெல்லாம் யார் வீட்டுக் கதையையோ சொல்வது போலச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"வேற டாக்டரு யாராவது இருந்தா சொல்லுங்கய்யா."

"ஏம்மா, நம்ம டாக்டர் மேல நம்பிக்கை இல்லியா?"

"அவரு ஒன்னுமில்லன்றாரு. இருக்குது." ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க எதுவும் சொல்லாமலே, அவங்களா தேடி கண்டுபுடிக்கிற டாக்டரு வேணும்."

இப்படி ஒரு டாக்டரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பேசத் தெரியாத பெண், வேறு டாக்டரிடம் போய் என்ன சொல்வது என்று தயங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் தயக்கம் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையரான ஒரு டாக்டர் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்க்கிறார் என்று சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், நானே கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. எங்கள் டாக்டரிடம் வாலாஜாவில் தங்கை நிச்சயதார்த்தம் என்று புளுகி லீவு வாங்கினேன். எனக்குத் தங்கையே கிடையாது.

5. அரக்கோணத்து டாக்டர்

அந்தப் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். நான் கம்பவுண்டர் என்று சொன்னதும், நீ பேசாதே, அவனைப் பேசவிடு என்றார். ஏகாம்பரம் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடக்கிறது என்று அவர் சொன்னபோது பெரியவர் சிரிக்கவில்லை. எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாமல் ஏகாம்பரத்தின் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். பழைய வட்டங்கள் ஆறிப்போயிருந்தாலும், உற்றுப் பார்த்தால் நிழல் மாதிரி தெரிந்தன. இடுப்பிலிருந்து ஏறி, முதுகெலும்பை உரசிக்கொண்டு, வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் போய் முடிந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

பிறகு ஒரு பெஞ்சியில் உட்காரவைத்து, நெய்கிற மாதிரி செய்து காட்டச் சொன்னார். ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத தறியில் வலது கையால் கயிற்றைச் சுண்டி, காலால் மிதிகட்டையை மிதித்தார். பெரியவர் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். சுண்டல், மிதி, சுண்டல், மிதி. அறையில் வேறு சத்தம் இல்லை. பத்துப் பதினைந்து தடவை ஆனதும் பெரியவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"போதும் நிறுத்து. இனிமே தறியில உக்காராதே. அதுக்குக் கால் இல்லப்பா, நீதான் தள்ளிவிட்டுகினு இருக்கே. ஒவ்வொரு தடவை சுண்டறப்பவும் ஒரு நூல் அளவு."

எனக்கு நூல் கிடைக்காத அந்த மூன்று வாரங்கள் ஞாபகம் வந்தன. அதை நான் அப்போதே யாரிடமாவது சொல்லியிருந்தால், இந்தப் பெரியவர் இன்று கண்டுபிடித்ததைப் பொங்கலுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம்.

எப்போதாவது உடம்பில் ஊசி, கம்பி ஏதாவது ஏறி முறிந்து உள்ளே தங்கியதா என்று அவர் கேட்டார். இல்லீங்க என்றார் ஏகாம்பரம். பொய் சொல்கிற முகம் இல்லை அது. தேசம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் மதராஸில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி, எக்ஸ்ரே எடுக்காமல் ஊருக்குத் திரும்பக்கூடாது என்று சொல்லி, அடுத்த ரயிலிலேயே எங்களை ஏற்றிவிட்டார்.

6. மதராஸ் வராந்தா

மறுநாள் காலை ஃபிலிமை ஈரத்தோடு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் சர்ஜன். நான் அதுவரை எக்ஸ்ரே பார்த்ததில்லை. புகை மாதிரி விலா எலும்புகள். அந்தப் புகைக்கு நடுவில், யாரோ சாக்பீஸால் கிழித்தது போல, ஒரு அங்குலத்துக்கு மேல் நீளமாக, பளிச்சென்று ஒரு கோடு. ஒரு நுனி கூராக இருந்தது. அந்தக் கூர் மேல்நோக்கி, இரண்டு விலாவுக்கு நடுவில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது.

முறிந்த ஊசி என்றார் சர்ஜன். இன்னும் பத்துப் பதினைந்து நாள் விட்டிருந்தால் நுரையீரல் உறையைக் குத்தியிருக்கும், அதற்கப்புறம் என்னிடம் கொண்டுவந்து பிரயோசனம் இல்லை என்றார். அன்றைக்கே ஆபரேஷன் என்று உள்ளே கொண்டுபோனார்கள்.

நானும் தேசம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மயக்கம் கொடுக்கிற ஈதர் வாடை கதவைத் தாண்டி வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள்.

போன ஆடிக் கிருத்திகைக்கு ஏகாம்பரம் மலைக்குக் காவடி எடுத்திருக்கிறார். முதுகு முழுக்க ஊசி குத்தி, ஒவ்வொரு ஊசியிலும் ஒரு எலுமிச்சம்பழம். படியேறும்போது அவருக்கு அருள் வந்து தன் நினைவே இல்லை. கீழே விழுந்து எழுந்து ஆடியிருக்கிறார். மேலே போனதும் ஊசி குத்திவிட்டவர் கூட்டத்தில் எங்கோ காணாமல் போக, ஊசிகளைத் தேசம்மாவே எடுத்திருக்கிறாள். கடைசி ஊசி இழுத்தபோது தடுக்கியது. இழுத்தாள். பாதிதான் வந்தது.

அதோடு போகவில்லை. பாதிப் படியிலேயே அவள் வீட்டுக்குத் தூரமாகியிருந்தாள். கூட்டத்தில் திரும்பிப் போகவும் முடியவில்லை, யாரிடம் சொல்லவும் முடியவில்லை. அந்தக் கையால்தான் ஊசிகளை எடுத்தாள். விரதக்காரருக்கு ஊசி முறிந்தால் அது அவர் வீட்டுப் பெண்ணின் குற்றம் என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. அவளைப் பொறுத்தவரை அது பேச்சு இல்லை. கண்ணால் பார்த்த உண்மை. கையில் இருந்த பாதி ஊசியைப் புதரில் எறிந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டு எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தாயா, வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் புருஷன் உயிரைவிடப் பெரிதா என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை.

"தொரத்தட்டும்யா, அதுக்கு பயப்படல. நான் வாயத் தொறந்து சொன்னா அது கேட்டுகினு கோவிச்சிகினு ஒரே ஓட்டமா நெஞ்சுல ஏறிடும்னு பயந்தேன். என் வாய்ல வராம, வேற யாராவது அதைக் கண்டுபுடிக்கணும். மொதல்ல உங்கள நம்புனேன்."

"என்னையா?"

"ஆங். அவரு முதுகுல ஊதாவா ஒரு புள்ளி வெச்சீங்களே. வூட்டுல துணி மாத்தறப்ப பார்த்தேன். அது எங்க போவும்னு உங்களுக்கும் தெரிஞ்சி போச்சுன்னு அன்னிக்கி ராத்திரி நிம்மதியா தூங்கினேன். அடுத்த வாரம் வந்தா அதை அழிச்சிட்டீங்க. சரி, சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு மாசி வரைக்கும் பார்த்துகினே இருந்தேன்."

அதற்குமேல் நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்தார். பிழைத்துக்கொண்டான் என்றார். காலையில் ஃபிலிமில் நேராக நின்றது, திறந்து பார்த்தபோது குறுக்கே திரும்பியிருந்ததாம். இடுக்கியால் பிடிக்கப் போனபோது இரண்டு தடவை நழுவி உள்ளே போனதாம். இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே போனார். தேசம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து நர்ஸ் அதை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து ஏகாம்பரத்திடம் காட்டினாள். கறுத்துப் போன பாதி ஊசி. அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். ஒவ்வொரு வருஷமும் தன் கையால் எலுமிச்சம்பழம் கோர்க்கிற ஊசி அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா கேட்டா, தறியில ஒடிஞ்ச கம்பின்னு சொல்லிடு. கம்பவுண்டர் சாரும் அப்படியே சொல்லுவாரு" என்றார்.

அப்போதுதான் அவள் அழுதாள். பொதட்டூர்பேட்டையில் அந்த அக்கா என்னைத் துருவித் துருவிக் கேட்டபோது, தறிக் கம்பிதான் என்று நானும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். தேசம்மா திருவாலங்காட்டுக்குப் போகவில்லை.

7. திங்கட்கிழமை

அடுத்த திங்கட்கிழமை, திரும்பி வந்து வேலைக்குப் போன அன்று, நோயாளிகள் வருவதற்கு முன்னால் டாக்டர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிச்சயதார்த்தம் பொய், அரக்கோணம், மதராஸ், ஊசி, எல்லாம். தேசம்மா சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுடையது. வேலை போய்விட்டது என்று தீர்மானித்து, என் டப்பாவையும் துண்டையும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நட்சத்திரம் போட்ட கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அஞ்சாவது வாரம், சார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அன்னைக்கே மதராஸுக்கு எழுதி அனுப்பியிருப்பேனே."

அவ்வளவுதான். திட்டவில்லை, துரத்தவில்லை. முதல் நோயாளியைக் கூப்பிடு என்றார். அதற்குப் பிறகும் அங்கே ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். நட்சத்திரக் குறி மட்டும் எந்தச் சீட்டிலும் வரவில்லை.

அன்று எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. இப்போது சொல்வது சுலபம், அன்றைக்கு நான் போய்ச் சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் செய்திருப்பாரா? இல்லை, நிஜமாகவே எழுதி அனுப்பியிருப்பாரா? இத்தனை வயதாகியும் எனக்குத் தெரியாது. சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு இதைத்தான் சொல்வேன். ஒரு நோயாளி இன்னொரு டாக்டரைக் கேட்டு உங்கள் ஜன்னலுக்கு வந்தால், அதற்கு முன்பே நீங்கள் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். தேசம்மா பேசினால் புருஷன் செத்துவிடுவான் என்று நம்பினாள். நான் பேசினால் வேலை போய்விடும் என்று நம்பினேன். அந்த ஐந்து மாதமும் அவர் முதுகில் அது ஏறிக்கொண்டே இருந்தது. என் வேலை பத்திரமாக இருந்தது.